சீசாவுக்குள் முடிந்த பந்தி

அந்தக் கண்ணாடிச் சீசா இன்னும் என் மேசைமேல்தான் இருக்கிறது. தண்ணீர் நிரப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். பளிங்காகத் தெரியும். அந்தத் தெளிவுதான் எனக்குப் பயம்.

யுத்தகாலத்தில் பூந்தமல்லியில், தண்ணீர் பரிசோதிக்கும் அறையொன்றில் எனக்கு வேலை. கிணற்றுத் தண்ணீரின் ஒரு துளியைத் தட்டில் வளரவிட்டு, முளைக்கும் கிருமிப் புள்ளிகளை நான் எண்ணுவேன், டாக்டரம்மா கையெழுத்திடுவார். கரையான்சாவடிப் பக்கம் வாந்திபேதி கண்டதால் ஒரு கிணற்றைப் பூட்டியிருந்தார்கள். அதன் முதல் தட்டில் புள்ளிகள் எண்ண முடியாமல் அப்பிக்கிடந்தன. தூர்வாரியபின் வந்த இந்தச் சீசாவில் ஏழே ஏழு. மூன்று முறை எண்ணினேன், ஏழுதான்.

சீசா கொண்டுவந்து, முடிவு கேட்க மறுபடி வந்திருந்த வண்டிக்காரருக்கும் அதே கிணறுதான். "பூட்டைத் தொறந்துடலாமாம்மா? மாசமா கீற பொண்டாட்டி அவ்ளோ தூரம் கொடம் தூக்கிகினு வர்றா" என்றார். டாக்டரம்மா பேனாவை மையில் தோய்த்துவிட்டார். மகிழ்ச்சியில் வண்டிக்காரர் தொடர்ந்தார்: "மாங்காட்டுத் திருவிழாவுக்கு அஞ்சு நாள் போயிட்டேன். அப்பவும் சீசாவை வைக்கோலுக்குள்ள பத்திரமா வச்சினுருந்தேன்!"

மொண்ட அன்றே வரவேண்டிய சீசா. பேனா அப்படியே நின்றது.

சீசாவின் அடியில் தங்கியிருந்த துளியை டாக்டரம்மா நுண்ணோக்கியில் வைத்தார். பிறகு நான் குனிந்தேன். வாயில்லை, பல்லில்லை, கஞ்சிச்சொட்டு போன்ற அமீபாக்கள். ஒன்று உடலையே கைபோல் நீட்டி, குச்சிக் கிருமிகளைச் சுற்றி வளைத்துத் தனக்குள் ஒரு குமிழியில் அடைத்தது. அவை துடித்து, அசைவற்று, ஓரம் மங்கிக் கரைந்தன. பக்கத்துக் குமிழியில் தடித்த தோலுள்ள உருண்டைக் கிருமிகள். அவை எளிதில் கரையவில்லை. இன்னொரு வகை உள்ளே போயும் நெளிந்துகொண்டே இருந்தது. அமீபா அதை உயிரோடு வெளியே துப்பியது.

"நீ எண்ணினது தப்பில்லப்பா. அஞ்சு நாளா இதுங்க தின்னு பந்தி முடிஞ்ச எலையை எண்ணியிருக்கே. கெணத்துல கிருமி ஊறி ஊறி இன்னும் பரிமாறிட்டுத்தான் இருக்கு" என்றார் டாக்டரம்மா.

அடுத்து, அன்றே மொண்டு அன்றே வந்த புதுத் தண்ணீரில் மறுபடி எண்ண முடியாத புள்ளிகள். வண்டிக்காரர் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "தொறந்திருந்தா மொதக் கொடத்த அவதாம்மா மொண்டிருப்பா" என்றார்.

இன்றும் யாராவது தண்ணீர் நீட்டினால், எப்போது பிடித்தது என்று கேட்கிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள். நான் சீசாவைப் பார்க்கிறேன். பேனாவில் மை இருந்தது. காகிதத்தில் ஏழு என்று என் கையெழுத்தில் இருந்தது.