பன்னிரண்டு பேரும் இருக்கிறார்கள்

என் அண்ணனைச் சலவைக்கூடத்தில் 'கர்னல்' என்று கூப்பிடுகிறார்கள். அவன் எந்தப் படையிலும் இருந்ததில்லை. ராணுவக் கல்லூரியில் இரண்டரை வருடம் படித்தான். படிப்பு முடியுமுன் வெளியே அனுப்பிவிட்டார்கள். ஏழு வருடமாக ஒரு பெரிய மருத்துவமனையின் துணிகளைத் துவைத்துக்கொண்டிருக்கிறான். கல்லூரியில் சாப்பிட்டது, உடுத்தியது, படித்தது எல்லாவற்றுக்கும் ஆன செலவு மாதாமாதம் அவன் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்காகப் பிடிக்கப்படுகிறது.

நடுவில் படிப்பு நின்றால் செலவைத் திருப்பித் தருவோம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. அப்பா அதில் ஜாமீன் கையெழுத்துப் போட்டார். அப்பா வெல்டர், படிக்கத் தெரியாது. அவ்வளவு தடிமனான காகிதத்தை அதற்கு முன் தொட்டதே இல்லை என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

அண்ணன் செய்த தப்பு இதுதான். காலை அணிவகுப்பில் அவனுடைய பிரிவில் பன்னிரண்டு பேர். எண்ணிச் சொல்வது அன்று அவன் முறை. பக்கத்துக் கட்டில்காரனின் அம்மா மருத்துவமனையில் இருந்தார். வீட்டுக்குப் போன் செய்ய அவன் சுவரேறிப் போயிருந்தான். "பன்னிரண்டு பேரும் இருக்கிறார்கள்" என்று அண்ணன் சொன்னான், பதிவேட்டில் கையெழுத்தும் போட்டான். போனவன் அரைமணி நேரத்தில் திரும்பி வந்து சுவரேறும்போது பிடிபட்டான். அவனுக்குப் பத்து நாள் தண்டனை ஓட்டம். பொய்க் கணக்குக் கொடுத்தவனுக்கு வெளியேற்றம்.

அவனுடைய சம்பளச் சான்று வாங்க ஒருநாள் சலவைக்கூடத்துக்குப் போனேன். நீராவியில் மூச்சு முட்டியது. வார்டுகளிலிருந்து அழுக்குத் துணி மூட்டைகள் தள்ளுவண்டியில் வருகின்றன. ஒவ்வொன்றிலும் எத்தனை விரிப்பு, எத்தனை உறை என்று ஒரு சீட்டு. மற்றவர்கள் சீட்டைப் பார்த்துக் கையெழுத்திட்டு மூட்டையை இயந்திரத்தில் கொட்டுகிறார்கள். அண்ணன் மட்டும் மூட்டையைப் பிரித்து, கையுறை போட்ட விரல்களால் ஒவ்வொன்றாக எண்ணினான்.

"கர்னல், இன்னுமா எண்ணுறீங்க?" என்று மேற்பார்வையாளர் கத்தினார். "அந்த வார்டுல எல்லாரும் குணமாகி வீட்டுக்கே போயிட்டாங்கய்யா!"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான். ஆனால் விட்ட இடத்திலிருந்து எண்ணினான்.

அந்தச் சான்று ஒரு மனுவுக்காக. வசதி இல்லாத குடும்பங்களுக்கு மீதித் தொகையைத் தள்ளுபடி செய்வதாக அந்த வருடம் அறிவித்திருந்தார்கள். எங்களுக்கு மீதி இருந்தது ஐம்பது மாதம். அப்பாவுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது, வெல்டிங் வேலையை விட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது.

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். பட்டம் வாங்கியதால் ஊருக்கு என்ன லாபமென்றால், தெருவில் உள்ள எல்லா விண்ணப்பங்களும் என்னிடம் வரும். எந்தக் கேள்விக்கு எதை எழுதினால் நிற்கும், எதை எழுதினால் நிராகரிப்பார்கள் என்பது எனக்கு அத்துப்படி. 'வருமானம் உள்ள, அல்லது வேலை உறுதியான பிற உறுப்பினர்கள்' என்ற இடத்தில் 'எவருமில்லை' என்று எழுதினேன். என் வேலைக்கான உத்தரவு நான்கு நாள் முன்னால்தான் வந்திருந்தது. 'வேலை உறுதியான' என்பதைப் பார்க்காமல் எழுதினேன் என்று சொல்லமாட்டேன். பார்த்துவிட்டுத்தான் எழுதினேன்.

"எப்படியாவது முடிச்சிட்டு வாங்க," என்றாள் அம்மா. "போதும்டா சாமி இந்தப் பாரம்."

கையெழுத்தை மனு வாங்கும் அலுவலகத்தில், எழுத்தர் முன்னால்தான் போட வேண்டும். அண்ணன் வேலையிலிருந்து நேராக வந்தான். உட்கார இடமில்லை. நின்றபடியே முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தான்.

"என்னங்க, பரீட்சைக்கா படிக்கிறாரு?" என்றார் வரிசையில் பின்னால் நின்றவர்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. போடுண்ணா," என்றேன்.

மூன்றாம் பக்கத்தில் அவன் விரல் நின்றது. "இதுல உன்னைக் காணோமே."

"நான் இன்னும் சேரலையே."

"ஆர்டர் வந்துடுச்சுல்ல?"

"அண்ணா, இது வெறும் ஒரு வரி."

"அன்னிக்கும் ஒரு வரிதான்," என்றான். 'எவருமில்லை' என்பதை அடித்தான். மேலே 'தங்கை, வேலை உறுதி' என்று எழுதி, திருத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு கையெழுத்து, கடைசியில் ஒரு கையெழுத்து.

எழுத்தர் மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தார். "தம்பி, வேற ஃபாரம் தர்றேன். அந்த எடத்த சும்மா விட்டுடு. யாரும் வீட்டுக்கு வந்து பாக்கப் போறதில்ல."

"இதையே எடுத்துக்கங்க சார்."

"இது நிக்காதுப்பா."

"சரிங்க சார்."

பேருந்தில் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. "உன் நேர்மையைத் தூக்கி அப்பா கண்ணுல வைக்கவா?"

"நேர்மையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. எண்ணாம கையெழுத்துப் போட கை வரமாட்டேங்குது. பயம்னுகூட வச்சுக்கோ."

"இன்னும் எத்தனை நாளைக்கு?"

"அம்பது மாசம்," என்று சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனான். வாய் திறந்திருந்தது. சட்டையில் ப்ளீச்சிங் பவுடர் நெடி. அவனைத் தள்ளிவிடலாமா என்று பார்த்தேன். இறங்கும் இடம் வரை தள்ளவில்லை. அவன் பக்கம்தான் நியாயம் என்று அப்போதும் தோன்றவில்லை, இப்போதும் முழுதாகத் தோன்றவில்லை. ஆனால் அந்த 'எவருமில்லை'யை நான் எவ்வளவு சுலபமாக எழுதினேன் என்பது மட்டும் உறுத்துகிறது.

ஐந்து வாரத்தில் பதில் வந்தது. குடும்பத்தில் வேறு வருமானம் இருப்பதால் மனு நிராகரிக்கப்படுகிறது. அம்மா அடுப்படியைவிட்டு வெளியே வரவில்லை. "வெட்டி வீராப்பு," என்று மட்டும் உள்ளிருந்து கேட்டது. அப்பா அந்தக் கடிதத்தைத் தடவிப் பார்த்தார். மெல்லிய காகிதம்தான்.

முதல் சம்பளம் வந்த வாரம் மறுபடி அந்த அலுவலகத்துக்குப் போனேன். தவணையில் பாதியை என் சம்பளத்தில் பிடிக்க வழி இருக்கிறதா என்று கேட்டேன்.

"உங்கண்ணன் சொல்லி அனுப்பினாரா?" என்றார் அதே எழுத்தர்.

"அவனுக்குத் தெரியாது."

ஒரு பக்க விண்ணப்பம் கொடுத்தார். மளமளவென்று நிரப்பினேன். கடைசி வரி அச்சிலேயே இருந்தது: 'யாருடைய வற்புறுத்தலும் இன்றி, முழு மனதுடன் இதற்குச் சம்மதிக்கிறேன்.' பேனா அங்கே நின்றுவிட்டது. எனக்கு ஒரு செருப்பு வாங்க வேண்டியிருந்தது. மேலே படிக்கவும் ஆசை இருந்தது. பின்னால் யாரோ உச்சுக்கொட்டினார்கள்.

'முழு மனதுடன்' என்பதை மட்டும் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

எழுத்தர் காகிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏம்மா, உங்க வீட்டுல எல்லாருமே இப்படித்தானா?" என்றவர், மேஜை இழுப்பறையைத் திறந்து முத்திரையைத் தேட ஆரம்பித்தார்.