அக்காவின் நோட்டுகளில் செய்த காகிதம்

நான் ஆறாம் வகுப்பு படித்த ஆண்டில், தன்னோடு பனியன் கம்பெனியில் வேலை பார்த்த ஒருவரோடு அக்கா போய்விட்டாள். குண்டடத்தில் பயிர் வைத்திருந்த காட்டை விற்றுவிட்டு நல்லூரில் வாடகை வீட்டுக்கு வந்திருந்த எங்களுக்கு அது இரண்டாவது இழப்பு. முதலாவதற்கு வாய்விட்டுப் புலம்பிய அப்பா, இரண்டாவதற்குப் பேச்சையே நிறுத்திக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்து அவர் வாய் திறந்தது அக்காவின் பள்ளி நோட்டுகளைப் பற்றித்தான்.

"அவ எழுத்து இனி இந்த ஊட்டுல இருக்கப்படாது. பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுரு."

"செரிங்க" என்றாள் அம்மா. ஆனால் பேப்பர்காரர் தெருவுக்கு வந்த இரண்டு தடவையும் அவளுக்குத் திடீரெனத் தலைவலி வந்தது. ஞாயிற்றுக்கிழமை தானே எடுத்துப் போடுவதாக அப்பா சொல்லிவிட்டார். அப்பா இல்லாத நேரங்களில் அந்த நோட்டுகளை எடுத்து முகர்ந்து பார்ப்பேன். மை பேனாவில் எழுதிய அக்காவின் குண்டு எழுத்துகளைத் தடவிப் பார்ப்பேன். அக்கா இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவேயில்லை.

அந்த வாரம்தான் பழைய காகிதத்தைக் கூழாக்கிப் புதுக் காகிதம் செய்வதை அறிவியல் டீச்சர் சொல்லிக்கொடுத்திருந்தார். அப்பாவுக்கு ஆகாதது எழுத்துத்தானே, காகிதம் இல்லையே? எழுத்தைப் போக்கிவிட்டால் நோட்டு வீட்டிலேயே இருக்கலாம். நான் வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவள்.

சனிக்கிழமை அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போனதும் எல்லா நோட்டுகளையும் பொடிப்பொடியாகக் கிழித்து, பக்கெட்டில் வெந்நீர் ஊற்றி ஊறவைத்தேன். தண்ணீர் நீலமாகி, கடைசியில் சாயக்கழிவு ஓடும் நொய்யல் ஆற்றின் நிறத்துக்கு வந்தது. பருப்பு மத்தால் கை வலிக்கக் கடைந்தேன். கூழை மாவுச் சல்லடையில் அள்ளி வடித்து, பனியன் வேஸ்ட் துணியில் கவிழ்த்து, மேலே பலகை போட்டு ஏறி நின்று பிழிந்தேன். சாயங்காலத்துக்குள் பதினொரு தாள்கள் வாசல் வெயிலில் காய்ந்து கிடந்தன. அப்பளம் மாதிரி வட்டமாக, ஓரம் சுருண்டிருந்தாலும் காகிதம் காகிதம்தான்.

நான் அறியாத ஒன்று இருந்தது. பல வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது அக்காவே சொன்னாள். தான் போகிற ஊரில் ஒரு கடையின் போன் நம்பரைத் தமிழ் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, அம்மாவிடம் மட்டும் காட்டிவிட்டுப் போயிருக்கிறாள். வேறெங்கே குறித்து வைத்தாலும் அப்பா கண்ணில் பட்டுவிடும் என்று அம்மா அதை அங்கேயே விட்டிருந்தாள். அப்பாவின் கோபம் தணிந்ததும் அம்மா அந்த நம்பருக்குக் கூப்பிடுவதாகப் பேச்சு. ஞாயிறுதோறும் அக்கா அந்தக் கடை வாசலில் போய் உட்கார்ந்திருந்தாளாம்.

அம்மா வேலை முடிந்து வந்தாள். வாசலில் கிடந்த தாள்களைப் பார்த்தாள். நோட்டுகள் இருந்த அலமாரியைப் பார்த்தாள். பக்கெட்டின் முன் உட்கார்ந்து முழங்கை வரை கையை விட்டுத் துழாவினாள்.

"அதுல எழுதியிருந்ததெல்லாம் எங்க கண்ணு?"

"தண்ணியில கரைஞ்சு போயிருச்சும்மா. இனி அப்பா ஒன்னுஞ் சொல்ல மாட்டாரு" என்றேன்.

அம்மா என்னை அடிக்கவில்லை. அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். தண்ணீரை மட்டும் கொட்டவிடவில்லை. தட்டுப் போட்டு மூடி அடுப்படி மூலையில் வைத்துக்கொண்டாள். போகும்போதும் வரும்போதும் தட்டை நகர்த்திப் பார்ப்பாள். இரண்டே நாளில் அது நாறத் தொடங்கியது. இந்த அழுக்குத் தண்ணீரை எதற்குக் கட்டிக்கொண்டு அழுகிறாள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. மூன்றாம் நாள், அம்மாவுக்கு ஒரு வேலை மிச்சமாகட்டும் என்று, நானே தூக்கிக்கொண்டு போய்ச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, பக்கெட்டைப் பளிச்செனத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தேன்.