பம்பருக்குப் புதுப் பூச்சு

அந்த மழைக்காலம் முழுவதும் எங்கள் ஜீப் லயத்து வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய்க்குக் கீழேதான் நின்றது. ஹாலிஎலவுக்கு மேலே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அவசரத்துக்கு ஓடுகிற வண்டி அது ஒன்றுதான். மரக்கறி ஏற்றிக்கொண்டு பண்டாரவளைக்குப் போகும். யாருக்காவது முடியாமல் போனால் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகும். ஓட்டுகிறவர் என் வீட்டுக்காரர்.

பிரசவ வலி கண்ட ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு போன காலையில், இறக்கத்தில் மண் சரிந்து கிடந்திருக்கிறது. பனிமூட்டத்தில் தெரியவில்லை. ஜீப் வழுக்கிப் போய்க் கருங்கல் மதிலில் மோதி நின்றது. பின்னால் வந்த கொழுந்து லொறியில் அந்தப் பெண்ணை ஏற்றி அனுப்பினார்கள். நல்லபடியாகக் குழந்தை பிறந்தது. யாருக்கும் காயமில்லை.

வீட்டுக்கு வந்தவர் நேரே ஜீப்பில்தான் வேலையைத் தொடங்கினார். முன்பம்பரில் விழுந்திருந்த பள்ளத்தில் பட்டிப் பசையை அப்பித் தேய்த்து, மேலே வெள்ளிப் பெயின்ட் அடித்தார். மோதினதே தெரியாதபடி வழவழப்பாக்கினார். பிறகு சாவியைத் தொடவில்லை. கேட்டால், "கொஞ்ச நாள் போகட்டும்" என்பார். மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு மரக்கறித் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போனார்.

நான் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறேன். கொழுந்து பறிக்கப் போகும் அம்மாமார் கைக்குழந்தைகளை எங்களிடம் விட்டுவிட்டுப் போவார்கள். ஒருநாள் ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்துவிட்டது. கீழேயிருந்து ஆட்டோ வர வெகுநேரம் ஆனது. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளை பிழைத்தது. ஆனால் அன்று வேலை முடிந்து வந்ததும் நான் நேரே போய்த் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தேன். வெள்ளிப் பெயின்ட் தோல் தோலாக உரிந்து, அடியில் துரு பிடித்திருந்தது. இதைச் சரிசெய்தாலாவது வண்டி வெளியே வரும் என்று நினைத்தேன்.

"பண்டாரவளையில பம்பருக்கு பவுடர் கோட்டிங் பண்றாங்களாம். கழட்டிக் கொண்டு போகவா?" என்று அவரிடம் கேட்டேன்.

"ஒன் இஷ்டம்" என்றார்.

அவருடைய தம்பிதான் கழற்றித் தந்தார். மரக்கறி லொறியில் போட்டுக்கொண்டு தனியாகப் போனேன். கடைக்காரர் ஒரு முஸ்லிம் ஆள், நடுத்தர வயது; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் 'நானா' என்போம். சின்னச் சுத்தியலால் பம்பரை நெடுகத் தட்டிக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் சத்தம் மாறியதும் நிறுத்தினார்.

"தங்கச்சி, இங்க பட்டி வச்சிருக்கு. பவுடர் அடுப்புல வேகணும். அந்தச் சூட்டுக்குப் பட்டி தாங்காது. எல்லாத்தையும் எடுத்து வெறும் இரும்பாக்கிட்டுத்தான் பண்ணணும்."

"அப்ப பள்ளம் தெரியுமே நானா?"

"தெரியும். நிமித்தலாம். எப்பிடி மோதிச்சுன்னு தெரிஞ்சாத்தான் எந்தப் பக்கமா இழுக்கிறதுன்னு சொல்லலாம். ஓட்டினது யாரு?"

போன் எடுத்து வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். எந்தக் கடையென்று கேட்டார். பிறகு, "வாறேன்" என்றார்.

அவர் பஸ்ஸில் வந்து சேர்வதற்குள் மணலை வேகமாகப் பீய்ச்சி அடித்துப் பெயின்ட், பட்டி, துரு எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். சாம்பல் நிறத்தில் வெறும் இரும்பு கிடந்தது. பள்ளம் நான் நினைத்ததைவிடப் பெரிது. அவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நேரா மோதிச்சா, சாய்வாவா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"சாய்வா. எடது பக்கம்."

"வழுக்கித் தானா அந்தப் பக்கம் போயிருச்சா?"

என் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். பம்பருக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டார்.

"இல்லிங்க. நான்தான் திருப்பினேன். பிரேக் புடிக்கல. வலது பக்கம் பள்ளத்தாக்கு. மதில்ல விட்டா நிக்கும்னு திருப்பினேன். பின்னுக்கு அந்தப் பொண்ணு கத்துச்சு. வயித்துல அடிபட்டுருச்சுன்னு நெனச்சேன்."

இது எனக்குத் தெரியாது. ஜீப் தானாக வழுக்கிப் போய் மோதியது என்றுதான் தோட்டமே பேசிக்கொண்டது. வண்டியில் இருந்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். மதிலை நோக்கித் திருப்பியது அவர்தான் என்பதை அந்தப் பட்டிக்குக் கீழே அவர் ஒருவர் மட்டும் வைத்திருந்திருக்கிறார்.

"அப்ப இந்தப் பக்கமிருந்துதான் இழுக்கணும்" என்றார் கடைக்காரர். வேறு எதுவும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் எழுந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

நிமிர்த்திய பம்பரைக் கழுவிக் காயவைத்து, கொக்கியில் தொங்கவிட்டுக் கறுப்புப் பவுடரைப் பீய்ச்சினார்கள். அது கோதுமை மாவு மாதிரி இரும்பில் ஒட்டிக்கொண்டது. "இப்ப தொட்டா உதிர்ந்திரும். வெந்த பொறகு கல்லடிச்சாலும் லேசுல போகாது" என்று சொல்லி, கடைக்காரர் அடுப்பின் கதவைச் சாத்தினார்.

நாங்கள் எதிரே இருந்த கடையில் தேத்தண்ணி குடித்தோம்.

"ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா, தெரிஞ்சே கொண்டுபோய் மோதினவன்னு ஆயிரும்ல."

"அதனாலதானே எல்லாரும் உசுரோட இருக்கீங்க."

"அந்த நேரம் அது எனக்குத் தெரியாதுல்ல" என்றார்.

அந்தப் பதிலை நான் பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். நாங்கள் எல்லோரும் பிறந்த குழந்தையைப் பார்த்துவிட்டுப் பேசுகிறோம். அவர் திருப்பின நொடியில் குழந்தை இல்லை, அலறல்தான் இருந்தது. நல்லபடியாக முடிந்தது என்று யார் சொன்னாலும், அவருடைய கை அந்த நொடியிலேயே நின்றுவிட்டது. அதை நான் பயம் என்று மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

பம்பர் ஆறி வெளியே வந்தபோது நல்ல கறுப்பாக இருந்தது. வெளிச்சம் படும்போது இடது பக்கம் ஒரு சின்ன நெளிவு தெரிந்தது. இன்னும் இழுத்தால் இரும்பு கிழிந்துவிடும் என்றார் கடைக்காரர்.

"இருக்கட்டும்" என்றார் இவர்.

வீட்டுக்குக் கொண்டுவந்து அவரே ஜீப்பில் மாட்டிப் பூட்டினார். அந்த வாரமே மரக்கறி ஏற்றினார். ஆனால் நோயாளிகளை ஏற்றிக்கொண்டு ஓட்ட அவருக்கு இன்னும் முடியவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. எனக்கு ஓட்டப் பழக்கச் சொன்னேன். பழக்கினார், லைசென்ஸும் எடுத்துவிட்டேன். இப்போது ஆஸ்பத்திரிக்கு என்று ஆள் வந்தால் நான் ஓட்டுகிறேன். அவர் பின்னால் நோயாளியின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்து வருகிறார்.

போன மாதம் பதுளை ஆஸ்பத்திரி வாசலில் பம்பரை ஒரு தூணில் உரசிவிட்டேன். பிரேக்கை மிதித்து வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டேன். அவர் இறங்கி வந்து, அந்த இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.

"ஒன்னும் ஆகல. நீ வண்டிய ஓரமா போடு" என்று சொல்லிவிட்டு, பின்னால் இருந்த பெரியவரைக் கைத்தாங்கலாக இறக்கப் போனார்.