வரைபடத்தின் தென்கோடிக் குடிசை

இந்த ஒல்லாந்து தேசத்தில் படகுக்குக் கதவு எண் உண்டு. கால்வாயில் கட்டிப்போட்ட வீட்டுப்படகுக்கு போஸ்ட்மேன் வந்து தபால் போட்டுவிட்டுப் போகிறார். வந்த புதிதில் நின்று வேடிக்கை பார்ப்பேன். பழவேற்காடு ஏரியில், பசியாவரத்துக்குப் பக்கத்துக் குப்பத்தில் பிறந்தவன் நான். எங்களுக்கு வீட்டுக்கே எண் கிடையாது.

போன மாதம் அக்கா போனில் பொரிந்து தள்ளினாள். பட்டா கேட்கப் போன இடத்தில், "நீங்கல்லாம் நேத்து வந்து மணல்ல குந்தினவங்க"னு ஒருத்தர் சொல்லிவிட்டாராம். "ஒல்லாந்துக்காரன் ஊர்லதான கீற? நம்ம வீடு எங்க இருந்துச்சினு அவன் காயிதத்துல தேடு. இல்லனா இன்னாத்துக்குடா அங்க குந்தினுகீற?" எனக்கும் சுர்ரென்று ஏறிவிட்டது. நானூறு வருஷத்துக்கு முன்னால் பழவேற்காட்டில் கோட்டை கட்டி உட்கார்ந்தவர்கள் இந்த ஒல்லாந்துக்காரர்கள்தான். லீவு போட்டுவிட்டு அவர்களுடைய ஆவணக் காப்பகத்துக்குப் போனேன்.

பழைய குடிக்கணக்கில் கோட்டைச் சிப்பாய்க்குப் பேர் இருந்தது, துணி வியாபாரிக்குப் பேர் இருந்தது. எங்களுக்கு ஒரே வார்த்தை: மீனவர்கள். வயிறு எரிந்தது. பிறகு வரைபடத்தை விரித்தார்கள். கோட்டை, தெருக்கள், முகத்துவாரத்தை ஒட்டி வரிசையாகக் குடிசைகள். "உங்கள் வீடு எந்தத் தெரு?" என்று காப்பகத்து அம்மா கேட்டார். "கடைசி வீடு," என்றேன். அவர் விழித்தார்.

மணல் நகர்ந்து முகத்துவாரம் இடம் மாறினால் எங்கள் குப்பமும் கூடவே இடம்பெயரும். வீடுகளின் வரிசை மட்டும் மாறாது. சின்ன வயதில் ஒரு புயலுக்குப் பிறகு அப்படிப் பெயர்ந்தபோது, என் அப்பா, எங்களுக்கு நைனா, நல்ல மேட்டை விட்டுவிட்டுத் தென்கோடிப் பள்ளத்தில் குடிசைக்குக் கம்பு நட்டார். "மேட்டுல போட்டா இன்னாவாம்?" என்று அம்மா சண்டைக்கு நின்றாள். "அது அவங்க எடம். நம்முது கடசி"னு முடித்துவிட்டார்.

தென்கோடிக் குடிசையில் விரலை வைத்தேன். "இதுதான் எங்கள் வீடு."

அந்த அம்மா சங்கடமாகச் சிரித்தார். "மன்னிக்கவும், இவை வீடுகள் அல்ல. இங்கே மக்கள் வசித்தார்கள் என்று காட்ட வரைபவர் போடும் குறி, அவ்வளவுதான்."

"ஐயோ, மக்கள் வசித்தார்கள் என்றீர்களே, அதைத்தான் எழுதித் தாருங்கள்!" என்று கத்திவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் முறைத்தார். முறைக்கட்டும். கோட்டை கட்டியவர்கள் எப்போதோ கப்பலேறிவிட்டார்கள், கோட்டையில் முள் மண்டிக் கிடக்கிறது. எங்கள் குப்பத்தில் இன்றைக்கும் உலை கொதிக்கிறது. பெருமையில் நெஞ்சு விம்மியது.

அந்த வரியை எழுதி முத்திரை வைத்த வரைபட நகலைப் படம் எடுத்து அனுப்பியதும் அக்கா கூப்பிட்டாள். அழுதாள், சிரித்தாள். பிறகு, "தம்பி, என் வீட்டுக்குத் தெக்கால மணல் சும்மாவேதான் கெடக்குது. ஒருத்தரும் கம்பு நடல. அது கடசி வீடு, உன் எடமாம்" என்றாள்.

இங்கே நாலாவது மாடியில், மணியடித்தால் திறக்கும் கதவுக்குப் பின்னால் குடியிருக்கிறேன். அங்கே என் வீட்டுக்குக் கதவும் இல்லை, சுவரும் இல்லை. அதைச் சுற்றிக்கொண்டுதான் ஊர் நடக்கிறது.