முடிக்குப் போட்ட மாத்திரையும் இறங்கிப்போன மார்க்கரும்

லேபுக்கு யாராவது இனிப்போடு வந்தால் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பயம் வந்துவிடும். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு தனியார் லேபில் மெடிக்கல் லேப் டெக்னாலஜிஸ்டாகத் தலை நரைக்கும் வரை வேலை பார்த்துவிட்டேன். ரிசல்ட்டில் நம்பர் இறங்கியதென்று லட்டு கொடுத்தவர்களும் உண்டு, ஏறியதென்று கவுண்டரில் என்னைப் பார்த்துக் கத்தியவர்களும் உண்டு. ஏதோ நான்தான் பின்னால் உட்கார்ந்து நம்பரைச் சமைக்கிறேன் என்று இருவருக்குமே நினைப்பு. இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்காக, விமலா லட்டு கொண்டுவந்த கதையை எழுதுகிறேன். பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

1. லட்டு

விமலா கிள்ளானில் கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்பவர். மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்திருந்தது. டாக்டர் கோலாலம்பூரில் இருந்ததால் கம்யூட்டர் ரயில் ஏறி வந்து எங்களிடம்தான் ரத்தம் கொடுப்பார். சி.ஏ. 15-3 என்ற டியூமர் மார்க்கரை, அதாவது புற்றுக்கட்டி ரத்தத்தில் விடும் ஒரு பொருளைப் பார்க்க வேண்டும். இது எல்லா நோயாளிக்கும் ஏறாது. ஏறாததால் நோய் இல்லை என்றும் சொல்ல முடியாது. விமலாவுக்கு ஆரம்பத்திலேயே ஏறியிருந்தது, சிகிச்சைக்குப் பிறகு இறங்கியது. அதனால் டாக்டர் அதைத் தொடர்ந்து கவனித்து வந்தார்.

பிறகு அது மெதுவாக ஏற ஆரம்பித்தது. இன்னொரு முறை ஏறினால் ஸ்கேன் எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த இன்னொரு முறை வந்தது. நம்பர் ஏறவில்லை, தடாலென்று இறங்கிவிட்டது. ஸ்கேனைத் தள்ளிவைத்தார்கள்.

விமலா அடுத்த வாரமே ஒரு பெட்டி லட்டோடு வந்து நின்றார். தலையில் விக் இல்லை. விரலளவு முடி, கறுகறுவென்று.

"பாருங்கக்கா, என் சொந்த முடி! மொட்டைத் தலையோட போனா எந்தப் பொண்ணுக்கா என்கிட்ட ஜடை பின்ன உக்காருவா? இப்ப எல்லாம் ஓகேலா. மருமக கூட டான்ஸ் கிளாஸ் சேரப் போறேன்."

நானும் சந்தோஷமாகத்தான் இரண்டு லட்டு சாப்பிட்டேன். எனக்குச் சர்க்கரை உண்டு, அது வேறு விஷயம்.

2. ஒரே டியூபில் இரண்டு கதை

அடுத்த முறை அவர் ரத்தம் கொடுத்தபோது, களைப்பாக இருக்கிறது என்று சொன்னதால் டாக்டர் தைராய்டு டெஸ்ட்டையும் சேர்த்து எழுதியிருந்தார். ரிசல்ட்டுகளைச் சரிபார்த்து வெளியே விடும் வேலை அன்று எனக்கு. சி.ஏ. 15-3 இன்னும் கீழே போயிருந்தது. தைராய்டு ரிசல்ட்டைப் பார்த்தேன். டி.எஸ்.எச். தரையில் கிடந்தது, டி4 கூரையைத் தொட்டது. தைராய்டு இப்படிக் கொதித்தால் ஆளுக்குக் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், உடம்பு இளைக்கும். காலையில்தான் அவரிடம் ரத்தம் எடுத்தேன். கை கல் மாதிரி அசையாமல் இருந்தது. கன்னமும் கொஞ்சம் உப்பித்தான் இருந்தது.

எங்கள் பெத்தாலஜிஸ்ட் டாக்டர் லிம்மிடம் காட்டினேன்.

"ரன் அகைன் லா. கண்ட்ரோல் ஓகே?"

மெஷினைச் சோதிக்க ஓட்டும் கண்ட்ரோல் சாம்பிள் ஓகே. திரும்ப ஓட்டினேன். அதே நம்பர்தான். மெஷினில் கோளாறு இல்லை. டாக்டர் லிம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் விஷயம் இருக்கிறதென்று அர்த்தம்.

"பயோட்டின்," என்றார். "நீ ஃபோன் பண்ணிக் கேளு. உன்கிட்ட தமிழ்ல பேசுவாங்க."

பயோட்டின் என்பது முடிக்கும் நகத்துக்கும் நல்லதென்று விற்கப்படும் ஒரு வைட்டமின். எங்கள் மெஷினில் போடும் டெஸ்ட் கிட்டும், மார்க்கரைப் பிடித்து ஒட்டவைக்க அதே பயோட்டினைத்தான் பசையாகப் பயன்படுத்துகிறது. கல்யாண விருந்தில் பெண் வீட்டாருக்கென்று போட்ட நாற்காலிகளில் யார் யாரோ வந்து உட்கார்ந்துவிட்டால், பெண் வீட்டார் வெளியே நிற்க வேண்டியதுதான். ரத்தத்தில் பயோட்டின் அதிகமிருந்தால் நடப்பதும் அதுதான். அது பசையின் இடத்தையெல்லாம் பிடித்துக்கொள்ளும். ஒட்ட இடமில்லாத மார்க்கரை மெஷின் கழுவிக் கொட்டிவிட்டு, மிச்சத்தை எண்ணி நம்பர் போடும். மார்க்கர் குறைவாகத் தெரியும். டி.எஸ்.எச்.சுக்கும் அப்படியே. டி4 டெஸ்ட் வேறு மாதிரி வேலை செய்வதால் அது மட்டும் தலைகீழாக ஏறும்.

3. ஃபோன்

"விமலா, நீங்க என்னென்ன மருந்து சாப்பிடுறீங்க?"

"டாக்டர் குடுத்தது மட்டும்தான்கா. வேற ஒண்ணுமே இல்ல."

"வைட்டமின், சத்து மாவு, நாட்டு மருந்து?"

"அய்யோ இல்லக்கா. டாக்டர் ஏசுவாரு. நான் அதெல்லாம் தொடுறதே இல்ல."

எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. ஆனாலும் அவர் பொய் சொல்லவில்லை என்று குரலிலேயே தெரிந்தது. கேள்வியை மாற்றிப் போட்டேன்.

"சரி, இன்னிக்குக் காலையில எழுந்ததுல இருந்து வாயில என்னென்ன போட்டீங்க? வரிசையா சொல்லுங்க."

"என்னக்கா, போலீஸ் மாதிரி கேக்குறீங்க! பல்லு விளக்குனேன். கோப்பி குடிச்சேன். முடி மாத்திரை போட்டேன். ரொட்டி ரெண்டு..."

"நில்லுங்க. என்ன மாத்திரை?"

"முடிக்குக்கா. அது மருந்து இல்லலா, பியூட்டி சாமான். கூட்டாளி ஒருத்தி டைரக்ட் செல்லிங் பண்றா. முடி எப்படி வந்துச்சுன்னு நீங்களே பாத்தீங்கல்ல?"

"போத்தலைப் படம் பிடிச்சு அனுப்புங்க."

படம் வந்தது. உடம்புக்கு ஒரு நாளைக்குத் தேவையானதைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு பயோட்டின், ஒரே மாத்திரையில். அவர் காலையில் ஒன்று, இரவில் ஒன்று போட்டுக்கொண்டிருந்தார். எப்போதிருந்து என்று கேட்டேன். நம்பர் தடாலென்று இறங்கிய அந்த முறைக்குக் கொஞ்சம் முன்னாலிருந்து.

அந்தப் பக்கம் போத்தலை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"அக்கா, அப்ப அந்த நல்ல நம்பரு?"

லேப் ஆட்கள் ரிசல்ட்டுக்கு விளக்கம் சொல்லக் கூடாது. டாக்டர் பேசுவார் என்று சொன்னேன். அதற்குமேல் பேசியிருந்தால் என் குரல் காட்டிக்கொடுத்திருக்கும்.

4. திரும்ப எடுத்த ரத்தம்

டாக்டர் லிம் விமலாவின் டாக்டரிடம் பேசினார். பயோட்டின் பசை இல்லாத கிட் வைத்திருக்கும் வேறொரு லேபுக்கு அதே ரத்தத்தை அனுப்பினோம். லேபுக்கு லேப் கிட் மாறினால் நம்பரும் மாறும், ஒன்றையொன்று ஒப்பிடக் கூடாது. அதனால் டாக்டர் சொன்னபடி மாத்திரையைச் சில நாள் நிறுத்திவிட்டு விமலா எங்களிடமும் வந்து புதிதாக ரத்தம் கொடுத்தார். அங்கேயும் நம்பர் அதிகம், இங்கேயும் அதிகம். தைராய்டு மட்டும் சாதுவாக நார்மலுக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. தள்ளிவைத்த ஸ்கேனை எடுத்தார்கள். முதுகெலும்பில் ஒரு இடத்தில் நோய் வந்திருந்தது.

சிகிச்சையை மாற்றிய பிறகு விமலா ரத்தம் கொடுக்க வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் கையில் ரப்பர் பட்டையைக் கட்டும்போதுதான் வாயைத் திறந்தார்.

"ஏன்கா கண்டுபிடிச்சீங்க? எத்தனையோ மாசத்துக்குப் பிறகு அப்பதான் நல்லாத் தூங்கினேன். அதையும் புடுங்கிட்டீங்களே."

நரம்பைத் தேடினேன், ஊசி போட்டேன், பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்தேன். அவர் போன பிறகு கழிவறைக்குப் போய் அழுதேன். எவ்வளவு சர்வீஸ் இருந்து என்ன?

5. பிள்ளைகளுக்கு

அதற்குப் பிறகு கவுண்டரில் "மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று நான் கேட்பதில்லை. நம் ஜனங்களுக்கு மருந்து என்றால் டாக்டர் கொடுத்தது மட்டும்தான். கூட்டாளி விற்றது, கோயில் வாசலில் வாங்கியது, ஃபேஸ்புக்கில் பார்த்து வரவழைத்தது எதுவும் அந்தக் கணக்கில் வராது. "காலையிலிருந்து வாயில் என்ன போட்டீர்கள்?" என்று கேளுங்கள். சிரிப்பார்கள், சிலர் எரிச்சல்படுவார்கள். கேட்டுவிட்டு ஊசியை எடுங்கள். கெட்ட நம்பர் வந்தால் யாரும் சொல்லாமலே திரும்ப ஓட்டிப் பார்க்கிறோம். நல்ல நம்பரையும் அதே கண்ணால் பாருங்கள்.

விமலா இன்னும் வருகிறார். டாக்டர் மாற்றிக் கொடுத்த புது மாத்திரை முடியைக் கொஞ்சம் மெலிய வைத்திருக்கிறது, நோயையும் அடக்கி வைத்திருக்கிறது. பழையபடி என்னோடு பேச அவருக்குப் பல மாதம் பிடித்தது. போன முறை பட்டையைக் கட்டிவிட்டு நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஒப்பித்தார்.

"கோப்பி ஒண்ணு, ரொட்டி ரெண்டு, டாக்டர் மாத்திரை. வேற ஒண்ணும் வாயில போடல." கையை நீட்டினார். "எடுங்கக்கா. ஏறினா ஏறட்டும், எனக்கு நெஜ நம்பரு வேணும்."