அசல் ஜரிகைத் தவளை

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் செவிலிமேட்டு வீட்டுக் கூடத்தில் கால் வைக்க இடம் இருக்காது. என் வீட்டுக்காரர் பழைய செய்தித்தாளை விரித்து, தூண்டில் சாமான்களை அதன்மேல் கடை பரப்பியிருப்பார். போன வாரமும் அப்படித்தான். ஏதோ ஒரு டப்பாவின் மூடியைத் திறந்தார், குப்பென்று சோம்பு வாசனை அடித்தது. ரப்பர் புழு, ரப்பர் மீன்குஞ்சு எல்லாவற்றிலும் அந்த வாசனையை ஏற்றித்தான் விற்கிறார்கள். மீனுக்கு ரொம்பப் பிடிக்குமாம். எந்த மீன் வந்து சொன்னதோ தெரியாது. வாங்குகிற மனிதர்களுக்குப் பிடிக்கும் என்பதற்கு மட்டும் நான் சாட்சி. சோம்பு வாசனை வந்தால் உங்களுக்குப் பிரியாணி நினைவு வரலாம், எனக்குக் கல்யாணத்துக்கு முன்னால் வேலை பார்த்த ரஹீம் பாய் கடை நினைவு வரும்.

"நீ என்னத்தக் கண்ட? ஒரு மீன் புடிச்சிருக்கியா?" என்று வீட்டுக்காரர் கேட்பார். பிடித்ததில்லை. இன்றுவரை தூண்டிலை ஒரு முறை வீசியதுகூடக் கிடையாது. ஆனால் எந்த ஆள் எந்த ரப்பர் தவளையை வாங்குவார் என்பதை, அவர் வாசலில் வண்டியை நிறுத்தி ஸ்டாண்டு போடுவதற்குள் சொல்லிவிடுவேன். பெருமையாகத்தான் சொல்கிறேன். படித்த பி.காம். எனக்குச் சொல்லித் தராததை அந்தக் கடையில் கற்றுக்கொண்டேன்.

நான் சேர்ந்த கதையே வேடிக்கை. அப்பா தறி நெய்கிறவர். பெரிய காஞ்சிபுரத்தில் எந்தப் பட்டுக்கடையில் கேட்டாலும் எனக்கு வேலை கிடைத்திருக்கும். ஆனால் அங்கே காலையில் நிற்க ஆரம்பித்தால் இரவு கடை சாத்தும்வரை நின்றுகொண்டே புடவை விரிக்க வேண்டும். அதே தெருவில் இரண்டு பட்டுக்கடைகளுக்கு நடுவே ஒடுக்கமாக ஒரு கடை இருந்தது. அதில் ஆள் தேவை என்று அட்டை தொங்கியது, உள்ளே ஒரு நாற்காலியும் தெரிந்தது. நான் நாற்காலியைப் பார்த்துத்தான் உள்ளே போனேன். என்ன விற்கிறார்கள் என்பதை அப்புறம்தான் பார்த்தேன். அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

ரஹீம் பாய்க்கு அப்போது நாற்பது வயது இருக்கும். அவருடைய வாப்பா காலத்தில் அது குடையும் பூட்டும் ரிப்பேர் செய்கிற கடை. இவருக்கோ மீன்பிடிப் பைத்தியம். பூட்டுகள் இருந்த சுவரில் ஒரு மூலையில் தூண்டில் முள் தொங்கவிட ஆரம்பித்தவர், கொஞ்சம் கொஞ்சமாகச் சுவர் முழுவதையும் தவளைகளுக்குக் கொடுத்துவிட்டார். விரால் மீனுக்கு ரப்பர் தவளைதான் இரை. உள்ளே குடைவாக இருக்கும், வயிற்றில் முள் இருக்கும், பின்னால் இரண்டு குஞ்சம் கால்களாகத் தொங்கும். தாமரை இலை, கோரை, பாசி இவற்றின்மேல் அதை இழுத்துக்கொண்டு போனால், கீழே இருக்கிற விரால் நிஜத் தவளை என்று நினைத்துப் பாயும். தத்துவம் இவ்வளவுதான். இதற்கு எத்தனை நிறம், எத்தனை கம்பெனி, எத்தனை விலை என்கிறீர்கள்!

வாங்க வருகிறவர்கள் முதலில் நிறத்தில்தான் மாட்டுவார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தவளை அரக்கு நிறத்திலோ மாம்பழ மஞ்சளிலோ இருந்தால் கை தானாகப் போகும். பாவம், நிஜத் தவளை இருக்கிற சேற்று நிறத்தை யாரும் சீந்த மாட்டார்கள். கண்ணுக்கு நேராகத் தொங்குவது விற்கும், முழங்காலுக்குக் கீழே தொங்குவது தூசி பிடிக்கும். அட்டையில் வாயைத் திறந்துகொண்டு பாய்கிற மீன் படம் இருந்தால் விலை கேட்காமலே எடுப்பார்கள். அந்த மீன் நம் ஊர் ஏரியில் கிடையவே கிடையாது என்பது வேறு விஷயம்.

விலை இருக்கிறதே, அது இன்னும் வேடிக்கை. மலிவாக இருந்தால் சந்தேகம். அதிக விலையாக இருந்தால் மரியாதை. அந்த மரியாதையில் ஒரு சங்கடம் உண்டு. காசு கொட்டி வாங்கிய தவளையைக் கோரைக்குள் வீச மனசு வராது, சிக்கிக்கொண்டால் போச்சே என்று சுத்தமான தண்ணீரில் வீசுவார்கள். விரால் இருப்பதோ கோரைக்குள். மலிவுத் தவளையைப் போனால் போகட்டும் என்று புதருக்குள் வீசுகிறவன் மீனோடு வருவான். பிறகு அவன் வைத்திருந்தது என்ன நிறம் என்று விசாரித்துக்கொண்டு மறுநாள் பத்துப் பேர் வந்து நிற்பார்கள். அவன் எங்கே வீசினான் என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

கடை பாய்க்கு மட்டும் சொந்தமில்லை. ஆம்பூரில் தோல் வியாபாரம் செய்கிற அண்ணனுக்கும் அதில் பங்கு இருந்தது. தவளை விற்றுக் கட்டுப்படியாகாது, செல்போன் கடைக்காரர் ஒருவர் நல்ல வாடகைக்குக் கேட்கிறார் என்று அண்ணன் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த வருஷம் முடிவாகச் சொல்லிவிட்டார்: ரம்ஜானுக்கு வரும்போது பார்ப்பேன், கடை சொந்தக் காலில் நிற்காவிட்டால் சாவியை வாங்கிக்கொள்வேன். பாய் வெளியே சிரித்துக்கொண்டு திரிந்தார். ஆனால் டீ வாங்கி வைத்துவிட்டுக் குடிக்க மறந்துபோவார். இந்தக் கடை போனால் நான் பட்டுக்கடையில் போய் நிற்க வேண்டும்.

அப்போதுதான் பாய்க்கு ஒரு யோசனை வந்தது. காஞ்சிபுரத்துக்கென்று ஒரு தவளை. குஞ்சம் இல்லாத மொட்டைத் தவளைகளை மொத்தமாக வரவழைத்தார். அப்பாவிடம் கெஞ்சி, அறுத்துப் போட்ட பட்டு இழையும் ஜரிகைத் துண்டுகளும் வாங்கிவந்தேன். இருவரும் உட்கார்ந்து கால் கட்டினோம். வெயிலில் தூக்கிப் பிடித்தால் தகதகவென்று மின்னியது. "அசல் ஜரிகைத் தவளை" என்று நான்தான் அட்டையில் எழுதினேன். விலையையும் நான்தான் வைத்தேன், கடையிலேயே அதிகம். பாய் பயந்தார். குறைத்து வைத்தால் அசல் என்று எவன் நம்புவான் என்று கேட்டேன்.

விற்றது பாருங்கள், அப்படி ஒரு விற்பனை! நம் ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தவளையைக் கையில் வாங்கியதும் காலிலிருந்து ஓர் இழையை இழுப்பார்கள். நகத்தால் சுரண்டுவார்கள். உள்ளே சிவப்புப் பட்டு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். தெரிந்ததும் திருப்தியாகத் தலையாட்டிக் காசை எடுப்பார்கள். கல்யாணப் புடவைக்குச் செய்கிற பரீட்சை எல்லாம் அந்தத் தவளைக்கு நடந்தது. தண்ணீரில் போட்டுப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எங்கள் இருவருக்குமே தோன்றவில்லையே, அவர்களைச் சொல்லி என்ன?

முதலில் திரும்பி வந்தவர் மாணிக்கம் அண்ணன். நாலு தறி வைத்திருந்தவர், எங்கள் வாடிக்கையாளர்களிலேயே பெரிய ரசிகர். திருப்புட்குழிப் பக்கம் ஏரிக்குப் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பியிருந்தார். "முங்கிக்கினே போவுதும்மா," என்றார். "என் கைதான் சரியில்ல போல. அசல் ஜரிக, அது எப்டி தப்பாவும்?" சொல்லிவிட்டு இன்னொன்று வாங்கிக்கொண்டு போனார். அடுத்தடுத்து வந்தவர்களும் காற்றைக் குறை சொன்னார்கள், ஏரியைக் குறை சொன்னார்கள். தவளையை மட்டும் யாரும் குறை சொல்லவில்லை.

எனக்கு உறுத்தியது. ஒரு நாள் காலையில் குடத்துத் தண்ணீரை ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் ஊற்றி, எங்கள் தவளையைப் போட்டேன். கொஞ்ச நேரம் மிதந்தது. பிறகு பட்டு தண்ணீர் குடித்தது, ஜரிகையில் இருக்கிற வெள்ளி இழை கனத்தது. பின்பக்கம் தாழ்ந்து, முள் வெளியே வருகிற ஓட்டை வழியாக வயிற்றில் தண்ணீர் ஏறி, மூக்கைத் தூக்கிக்கொண்டு அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. அடுத்து, பொம்மைக்குச் சுற்றுகிற டூப்ளிகேட் ஜரிகையை வாங்கிவந்து ஒன்று கட்டினேன். அது பிளாஸ்டிக் இழை, எடையே கிடையாது. மத்தியானம்வரை தக்கையாக மிதந்தது. தலையில் அடித்துக்கொண்டேன்.

பாய் இரண்டு தவளைகளையும் எடுத்து, தன் கையாலேயே மறுபடி தொட்டியில் போட்டுப் பார்த்தார். ஆம்பூர் அண்ணன் வர இரண்டு வாரம்கூட இல்லை. நல்லபடியாக விற்றுக்கொண்டிருக்கிற ஒரே சரக்கு அது. இந்த ஊரில் வாயைத் திறந்து டூப்ளிகேட் என்று சொன்னால் அதோடு கடையின் பெயர் போய்விடும். அவர் எதுவும் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்திருந்தால் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

"மாணிக்கம் அண்ணன் அவர் கையில குத்தம்னு நெனச்சிக்கினு போறாரு," என்றார். "அது எனக்கு ஆவாதும்மா. தொட்டியத் தூக்கி முன்னால வை."

வைத்தேன். அவரே அட்டை எழுதினார்: அசல் முங்கும், டூப்ளிகேட் மிதக்கும், பார்த்து வாங்கவும். அவருடைய எழுத்து கோணல்மாணலாக இருக்கும், ஆனால் தெருவிலிருந்தே படிக்கலாம். பட்டுக்கடை ஆட்கள் எல்லாம் வந்து வேடிக்கை பார்த்தார்கள். மாணிக்கம் அண்ணன் வந்தார். குனிந்து தொட்டியைப் பார்த்தார், நிமிர்ந்து பாயைப் பார்த்தார். வைவார் என்று நான் காத்திருந்தேன். "மெதக்குது, நாயந்தான்," என்றார். "ஆனா எனக்கு அசலையே குடு. இத்தன பேரு எதிர்ல போயி டூப்ளிகேட்ட எடுக்கச் சொல்றியா?"

சாயங்காலம் கூட்டம் கலைந்த பிறகு அவரே திரும்பி வந்தார். மிதக்கிறது இரண்டு வேண்டும், பேப்பரில் சுற்றிக் கொடு என்று கேட்டார். அவர் மட்டும் இல்லை. பகலில் அசல் வாங்கிய பாதிப் பேர் தனியாக வந்து டூப்ளிகேட் வாங்கிப் போனார்கள். ஒன்று தோளில் மாட்டிய பெட்டியில் எல்லோருக்கும் காட்ட, இன்னொன்று ஏரியில் மீன் பிடிக்க. ஆளுக்கு இரண்டு தவளை. இப்படி ஒரு வியாபாரத்தை எந்தக் கெட்டிக்காரனும் திட்டம் போட்டுச் செய்திருக்க முடியாது. ரம்ஜானுக்கு வந்த ஆம்பூர் அண்ணன், தொட்டியையும் அதைச் சுற்றி நின்ற கூட்டத்தையும் பார்த்தார். அட்டையை இரண்டு தடவை படித்தார். சாவியைப் பற்றிப் பேசவே இல்லை. பாய் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த பிரியாணியை அப்பாவே வாங்கி வைத்தார். அந்த வருஷத்தில் நான் சந்தோஷமாக இருந்த மாதிரி பிறகு எந்த வேலையிலும் இருந்ததில்லை.

அந்தத் தொட்டி பல வருஷம் கடை முன்னால் இருந்தது. புதிதாக எது வந்தாலும் முதலில் அதற்குள் விழும். மிதக்காதது சுவரில் ஏறாது. ஊர் ஊராக ஆட்கள் வந்தார்கள். நான் கல்யாணம் ஆகிக் கிளம்பும்போதும் நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது. பிறகு போனில் வாங்குகிற காலம் வந்தது. வருகிறவர்கள் தொட்டியில் எது மிதக்கிறது என்று பார்ப்பார்கள், போனில் படம் எடுத்துக்கொள்வார்கள், பாய்க்கு நன்றி சொல்லிவிட்டு, கடை வாசலிலேயே நின்று அதைவிட மலிவாக ஆர்டர் போடுவார்கள். பாய் யாரையும் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. கடைசியில் அண்ணன் கேட்காமலே பாய் தானாகச் சாவியைக் கொடுத்துவிட்டார். இப்போது அங்கே செல்போன் உறை விற்கிறார்கள். தெருவைப் பார்த்தால், நடுவில் ஒரு தவளைக்கடை இருந்தது என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டீர்கள்.

போன மாதம் பாயை பஸ் நிலையத்தில் பார்த்தேன். தாடி முழுக்க நரைத்துவிட்டது. நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு பார்சல் கிடங்கில் பெட்டிகளைப் பிரித்து அடுக்குகிற வேலையாம். தவளை எல்லாம் வருகிறதா பாய் என்று கேட்டேன்.

"தெனம் வருதும்மா. பொட்டிய ஆட்டனா சத்தத்துலயே தெரிஞ்சிடும், உள்ள இருக்கறது தவளதான்னு."

"நல்ல சரக்கா பாய்? மெதக்குமா?"

"யாருக்குத் தெரியும்? தொறக்கக் கூடாதும்மா. நம்ம வேல அனுப்புறது மட்டுந்தான்."

அவருடைய பஸ் வந்துவிட்டது. ஏறுகிறவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த மனிதருக்கு இப்படி ஒரு வேலை வந்திருக்க வேண்டாம்.