ஊர்வலம் மாமாவின் நூல்கோல் பாத்தி

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற அவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ஊர்வலம் மாமா. அவ்வளவு மெதுவாக ஓட்டுவார். சைக்கிளில் போகிறவர்கள்கூட வேனை முந்திப் போய்த் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். அவர் கண்டுகொள்வதில்லை.

மனைவி இருந்தும் வீட்டில் தனிக்கட்டை மாதிரிதான். அவள் நர்ஸ். கடல் தாண்டி, ஒரு முதியோர் விடுதியில் வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முன் கொல்லையைக் கொத்தி, நூல்கோல் விதை தூவிவிட்டுப் போனாள். அந்தக் காய் என்றால் அவளுக்கு உயிர். பிஞ்சாகப் பிடுங்கித் தோல் சீவி, உப்புத் தொட்டுப் பச்சையாகவே தின்பாள். அவருக்கு அது ஆகவே ஆகாது.

"மண்ணுக்குள்ளயும் போகாம, கொடியிலயும் ஏறாம, இது என்ன காயோ" என்பார்.

"தின்னு பாக்காம பேசக் கூடாது" என்பாள்.

விமான நிலையத்தில் அவள் கடைசியாகச் சொன்னதும் அதைப் பற்றித்தான். "நெருக்கமா முளைச்சா கலைச்சு, தள்ளித் தள்ளி வைங்க. ஒரு நாள் தண்ணி மறந்துட்டு, மறுநாள் சேர்த்து ஊத்தாதீங்க. காய் வெடிச்சுடும்." வேறு ஏதோ சொல்ல வந்தவள் இதைச் சொல்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. அவரும் வேறு ஏதோ சொல்ல வாயெடுத்து, "சரி" என்று முடித்துக்கொண்டார்.

சொன்னபடியே செய்தார். காலையில் வேனைக் கழுவும் முன் இலைகளைத் திருப்பிப் பார்த்துப் பச்சைப் புழுக்களைப் பொறுக்குவார். தண்டுகள் மண்ணுக்கு மேலே உருண்டு திரளத் தொடங்கின. எலுமிச்சை அளவு, பிறகு ஆரஞ்சு அளவு. அவளுக்கும் விடுப்பு அந்தச் சமயத்தில்தான். நாள் நெருங்கியபோது விடுதியில் ஆள் பற்றவில்லை என்று விடுப்பைத் தள்ளிவைத்தார்கள். பிறகு இன்னொரு முறையும் தள்ளினார்கள்.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள். "தம்பி, பறிக்கலையா? முத்திடப் போகுது."

"அவ வரட்டும்க்கா."

காய்கள் குழந்தை மண்டை அளவுக்குப் பருத்தன. சிலது வெடித்து வாய் பிளந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி ஃபோனில் வந்து, பாத்தியைக் காட்டச் சொன்னாள். காட்டினார்.

"ஏங்க, இதெல்லாம் கட்டையாப் போச்சே. ஏன் விட்டீங்க?"

"நீ வருவேன்னுதான்."

"ஒண்ணு அறுத்துத் தின்னுங்க. நான் கேக்கறேன்."

கத்தி உள்ளே இறங்க மறுத்தது. ஒரு வழியாக அறுத்து, ஃபோனை வாயருகே வைத்துக்கொண்டு மென்றார். நார் நாராக வாயில் சுருண்டது.

"எப்படி இருக்கு?"

"கயிறு திங்கற மாதிரி."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே உடைந்துபோனது. "எனக்காகன்னு எதையும் முத்த விடாதீங்க" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலமே பாத்தி முழுவதையும் பிடுங்கிப் போட்டார். மறுபடி விதைத்தார். இந்த முறை மொத்தமாக இல்லை. ஒரு வரிசை போட்டு, அது முளைவிட்டு நிமிர்ந்ததும் அடுத்த வரிசை. ஒன்று முற்றப் பார்க்கும்போது இன்னொன்று பிஞ்சாக இருக்கும். முற்றுகிறதை அக்காவுக்கும் பள்ளிக்கூட ஆயாவுக்கும் கொடுத்துவிடுவார்.

"கடை போடப் போறியா தம்பி?" என்றாள் அக்கா.

"என்னைக்கு வந்தாலும் அவளுக்குப் பிஞ்சு இருக்கணும்க்கா."

அக்கா அதற்கப்புறம் கேலி செய்யவில்லை.

மழைக்காலத்தில் ஒரு நாள் பிள்ளைகளை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தபோது வாசலில் பெட்டி ஒன்று நின்றது. கடைசி நேரத்தில் விடுப்புக் கிடைத்ததாம். சொல்லாமலே வந்திருக்கிறாள். கொல்லையில், கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து நூல்கோல் சீவிக்கொண்டிருந்தாள். பயணச் சட்டையைக்கூட மாற்றவில்லை. ஆள் இளைத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுப்பு. அவரைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. ஒரு துண்டை மட்டும் நீட்டினாள். வாங்கித் தின்றார். குளிர்ச்சியாக, லேசான காரத்தோடு மொறுக்கென்று கடிபட்டது.

"பிடிச்சிருக்கா?"

"இல்ல" என்றார். "இன்னொண்ணு குடு."

விடுப்பு கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்தது. ஒப்பந்தம் முடிய இன்னும் காலம் கிடக்கிறது. அவள் போன மறுநாள் கொல்லைக்குப் போனார். அவள் பறித்த இடங்கள் குழிகுழியாக இருந்தன. குனிந்து, ஒவ்வொன்றிலும் புதிய நாற்றை வைத்து விரலால் மண்ணை அழுத்தினார்.